விரத காலத்தில் ஈரல் பிரட்டல்

பினாங்குப் பாலத்துக்குப் பிறகு இந்தத் தீவில் நடந்த மாபெரும் கூட்டு முயற்சி எங்கள் 'ஜார்ஜ் டவுன் சதுரங்கத் திறப்பாய்வு வட்டம்'தான். பாலத்தில்கூட ஒரு குறை உண்டு. ஏறினால் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். எங்கள் முயற்சியில் அந்தக் குறை கிடையாது. வட்டம் எங்கும் போய்ச் சேராது. அதனால்தான் அதற்கு வட்டம் என்று பெயர்.

வட்டத்தில் நாங்கள் நான்கு பேர். தலைவர் புவனேஸ்வரன் அண்ணன், ஜுருவில் பழைய கார்களை, எங்கள் பேச்சில் காடிகளை, விற்கிறவர். செயலாளர் பாக்கியநாதன் சார், துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் டீ சொன்னால், 'தேநீர் கோரும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று குறித்துக்கொள்வார். தொழில்நுட்ப ஆலோசகர் மோகனா அக்கா, பத்து காவான் என்ற ஊரில் கணினிச் சிப்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் பொறியாளர். அவரிடம் ஒரு மடிக்கணினியும், அதற்குள் சதுரங்கம் ஆடும் ஒரு 'என்ஜினும்' உண்டு. நான்காவது ஆள் தனுஜா, அதாவது நான். எனக்குப் பதவி ஏதும் இல்லை. பதினேழு வயது மட்டும் இருந்தது. அந்த வயதுக்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கிளப்புகளுக்கு இடையிலான மாநிலப் போட்டியில் ஓர் அணிக்கு நான்கு பலகை. நான்காம் பலகையில் பதினெட்டு வயது ஆகாத ஒருவர்தான் உட்கார வேண்டும் என்பது விதி. மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கிறவர் அந்தப் பலகைகளைத்தான் பார்க்க வருவார். பள்ளியில் படிக்கிறவர்களுக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. பள்ளிப் போட்டி, மாவட்டப் போட்டி என்று வரிசையாகத் திறந்து வைத்திருப்பார்கள். நான் படிவம் நான்கு வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, வீட்டில் அம்மா தைக்கும் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைக்கிறவள். எனக்கு இருந்தது இந்த ஒரு வாசல். அடுத்த வருஷம் வயது ஏறியதும் அதுவும் சாத்திவிடும். ஆகவே வட்டத்தின் ஆய்வு பலிக்க வேண்டும் என்று என்னளவுக்கு வேண்டிக்கொண்டவர் வேறு யாரும் இருக்க முடியாது. எப்படிப் பலிக்கும் என்றுதான் அப்போது தெரியவில்லை.

முதல் கூட்டம் சீனி முகம்மது பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடையில், மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேசையில் நடந்தது. தலைவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி பேசினாலே கடை முழுக்கக் கேட்கும் குரல் அவருக்கு. ஆனாலும் வரலாற்று முக்கியத்துவம் கருதி நின்றார்.

"ஊருல எல்லாரும் எல்லா ஓப்பனிங்கும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கிறான். அதான் எல்லாரும் தோக்குறான். நாம ஒண்ணே ஒண்ணுதான் படிக்கப் போறோம். இருக்கிறதிலேயே காரமானது. இங்கிலீஷ்ல அதுக்கு ஃப்ரைட் லிவர்னு பேரு. நாம தமிழ் வட்டம். அதனால இனிமே அது ஈரல் பிரட்டல்."

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்தார். "எத்தனை பிளேட்டு?"

"சாப்பாடு இல்ல பாய். இது ஒரு தாக்குதல்."

"என் கடை ஈரலைச் சாப்பிட்டு யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்ல அண்ணே."

சதுரங்கம் தெரியாதவர்களுக்காக அந்தத் திறப்பின் மகிமையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் காய் ஆடுகிறவர் தன் குதிரையையும் மந்திரியையும் சட்டென்று எதிரி ராஜாவின் பக்கமாகக் கொண்டுபோவார். பிறகு அந்தக் குதிரை, ராஜாவின் காலடியில் நிற்கும் சிப்பாயை அடித்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ராஜா அதை அடித்துத்தான் ஆக வேண்டும். அடித்ததும் ராணி வெளியே வந்து அவரை நடுப்பலகைக்கு இழுத்துப் போவாள். நடுப்பலகைக்கு வந்த ராஜா வீடு திரும்புவது அரிது. ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு ராஜாவை வாங்குகிற வியாபாரம். இதற்கு எதிராளியும் சொல்லிவைத்த மாதிரி ஐந்து நகர்த்தல் ஆடிக் கொடுக்க வேண்டும். அந்தச் சின்ன நிபந்தனையைத் தவிர வேறு குறை இல்லை.

"குதிரையைக் கொடுக்கிறதை 'தியாகம்'னு எழுதட்டுமா?" என்று செயலாளர் கேட்டார்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "தியாகம்னா குதிரை தானா விரும்பிச் செய்யணும் சார். குதிரையை யாரு கேட்டா? நாமதானே தூக்கிக் கொடுக்கிறோம். 'பலி'ன்னு போடுங்க."

சொல்லில் இவ்வளவு நேர்மை பார்க்கும் தலைவர் பினாங்கில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறார்? 'குதிரைப் பலி' என்று எழுதப்பட்டது.

பிறகு ஆய்வு தொடங்கியது. கூட்டு ஆய்வு என்றால் என்ன என்பதை உலகம் எங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். ஞாயிறுதோறும் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து, வீட்டில் தனியாகக் கண்டுபிடித்ததை ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருப்போம். ராஜா நடுவுக்கு வந்த பிறகு எங்கே ஓடுவார், ராணியை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் ஓர் இரகசியம் இருந்தது. "எனக்கு ஒரு ஐடியா இருக்கு," என்பார் செயலாளர். "எனக்கும் இருக்கு," என்பார் தலைவர். இருவரும் திருப்தியோடு டீயைக் குடிப்பார்கள். 'கருத்துப் பரிமாற்றம் சிறப்பாக நடந்தது' என்று குறிப்பு ஏறும்.

மோகனா அக்கா மடிக்கணினியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்ப்பார். வாய் மட்டும் பேசும்.

"என்ஜின் வேற மாதிரி சொல்லுது அண்ணே. கறுப்பு நல்லா ஆடினா தப்பிச்சிருமாம்."

"என்ஜினைப் பத்தி என்கிட்ட சொல்லாத லா," என்றார் தலைவர். "ஜுருவுல நான் பார்க்காத என்ஜினா? மீட்டர் காட்டுறதை நம்பி யாராச்சும் காடி வாங்குவானா?"

அவருடைய தொழிலில் இருபது வருட அனுபவம் அந்தச் சொல்லில் ஒளிர்ந்தது. அவரிடம் காடி வாங்கியவர்கள் கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார்கள்.

வட்டத்தில் யாரும் யாரோடும் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆடினால் ஒருவர் தோற்பார். தோற்றால் மனக்கசப்பு வரும். மனக்கசப்பு வந்தால் ஒற்றுமை என்ன ஆவது? எனக்கு ஆட வேண்டும் போல் இருந்தது. வாய் திறந்து கேட்க வெட்கமாக இருந்ததால் வீட்டில் கொக்கி டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நானே ஆடுவேன். கறுப்பு ராஜாவை நடுவுக்கு இழுத்து இழுத்து எனக்கு அந்த வழிகள் விரலுக்குப் பழகிவிட்டன. மற்றபடி சதுரங்கத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. வட்டம் வேறு எதையும் சொல்லித் தரவில்லை.

ஒருமுறை மோகனா அக்காவின் காதில் மட்டும் கேட்டேன். "அக்கா, நாம நெனைக்கிற மாதிரி அவங்க ஆடலன்னா என்ன பண்றது?"

அக்கா அதைக் கூட்டத்தில் வைத்தார். டீ இரண்டாவது தடவை வந்தது. கடைசியில் தலைவர், "அப்படிப்பட்ட ஆளுங்களோட நாம எதுக்கு ஆடணும்?" என்றார். 'எதிராளியின் ஒத்துழையாமை பற்றிய ஐயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று செயலாளர் எழுதினார். அது இன்றுவரை அடுத்த கூட்டத்தில்தான் இருக்கிறது.

இப்படி ஆய்வு செழித்துக்கொண்டிருந்தபோது தைப்பூச விரதம் வந்தது. போட்டி நாள் தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு. தலைவர் அந்த வருஷம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றி நிறைய விபூதி. வழக்கம் போல மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "ஈரல் பிரட்டல்ல அந்த மூணாவது வழி இருக்கே," என்று ஆரம்பித்தார்.

டீயை வைத்த சீனி முகம்மது பாய் ஒரு விளையாட்டுக்குத்தான் சொன்னார். "என்னண்ணே, கழுத்துல மாலை, வாயில ஈரலா?"

தலைவர் டீயை நகர்த்தி வைத்தார். நகர்த்தியது டீயைத்தான் என்றாலும் ஒரு யுகம் நகர்ந்த மாதிரி இருந்தது.

"இதை நாம யோசிக்கவே இல்லையே சார்."

"பலி வேற இருக்கு அண்ணே," என்று செயலாளர் எடுத்துக் கொடுத்தார். "குறிப்புலயே இருக்கு."

"பாய், அது மரக்கட்டை குதிரைதானே?" என்று மோகனா அக்கா பாயிடம் முறையிட்டார். பாய், தான் போட்ட தீ இவ்வளவு பெரிதாகும் என்று தெரியாமல் சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

அவசரக் கூட்டம் அங்கேயே நடந்தது. தலைவர், செயலாளர், ஆலோசகர், நான் ஆகிய நால்வரும் தூதுக்குழுவாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவது என்று முடிவானது. கத்தோலிக்கரான பாக்கியநாதன் சார் படியேறும்போது மூச்சு வாங்கினாலும், "மத நல்லிணக்கத்துக்காக ஏறுறேன்," என்று நின்று நின்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

மேலே குருக்கள் தைப்பூச வேலையில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். தலைவர் பிரச்சினையை முதலிலிருந்து, பினாங்குப் பாலத்திலிருந்து என்றே சொல்லலாம், விளக்கினார். குருக்கள் பொறுமையாகக் கேட்டார்.

"ஈரல் எங்கே இருக்கு?"

"பேர்ல இருக்கு சாமி."

"யார் வச்ச பேரு?"

"நாங்கதான் சாமி."

"அப்போ பேரை மாத்திட்டு ஆடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரர் பக்கம் திரும்பினார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. இறங்கும்போது படிக்கட்டை எண்ணக்கூட இல்லை, அவ்வளவு வேகம். ஆனால் ஓர் அறிஞர் வட்டம் இவ்வளவு எளிய தீர்வை ஏற்றுக்கொள்ள முடியுமா? 'பெயர் மாற்ற உபகுழு' அமைக்கப்பட்டது. உபகுழுவில் அதே நால்வர்.

"சைவ ஈரல்னு வச்சிருவோம்," என்றார் மோகனா அக்கா. "சீனன் கடையில சைவ மட்டன், சைவக் கோழி எல்லாம் விக்கிறான். நாமளே விரதத்துல அதைத்தானே வாங்கிச் சமைக்கிறோம்."

தலைவர் முகம் சிவந்தது. "அதான் தப்பு. சோயாவுல கோழி செஞ்சு சாப்பிடுறவன் வாய்தான் விரதம் இருக்கு. மனசு கோழியைத்தானே கடிக்குது?"

"போன வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல சைவ மீன் கறி சாப்பிட்டேனே அண்ணே."

"அது விருந்தாளிக்கு."

"கத்தரிக்காய்ப் பிரட்டல்?" என்றார் செயலாளர்.

"கத்தரிக்காயை வச்சு எவனாவது பயப்படுவானா சார்? தாக்குதலுக்கு ஒரு கெத்து வேணாமா?"

கருணைக்கிழங்கு வந்தது. காளான் வந்தது. காளான் சைவமா என்ற கேள்வி வந்தது. அதற்கு ஒரு துணை உபகுழு வேண்டும் என்றார்கள். மூன்று ஞாயிறு போயிற்று. பெயர் மாறவில்லை. பெயர் மாறாத வரைக்கும் தடை நீடிக்கும் என்று தீர்மானம் வந்தது. செயலாளர் அதைக் கம்பீரமாக வாசித்தார்:

'தைப்பூச விரதம் முடியும் வரை வட்டத்தின் இந்து உறுப்பினர்கள் ஈரல் பிரட்டலில் குதிரைப் பலி கொடுக்கலாகாது. பலிக்கு முந்திய நகர்த்தல்கள் மசாலா அரைப்பதற்கு ஒப்பானவை ஆதலால் அவற்றுக்குத் தடை இல்லை. கத்தோலிக்க உறுப்பினர் தமக்குரிய தவக்காலம் தொடங்கும் வரை பலி கொடுக்கலாம். தவிர்க்க இயலாத சூழலில் தலைவர் தம் விருப்புரிமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.'

"நான் விரதமே இல்லையே அண்ணே," என்றார் மோகனா அக்கா.

"அதைச் சத்தமா சொல்லாத," என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உனக்கு ஏதாச்சும் சொல்லணுமா?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எனக்கு வேறு ஆட்டம் தெரியாது, ஆள் எடுக்கிறவர் வருகிறார், அடுத்த வருஷம் என்று ஒன்று எனக்கு இல்லை. எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன. தலையை மட்டும் ஆட்டினேன். 'இளைய உறுப்பினர் மனமுவந்து ஆதரித்தார்' என்று பதிவானது.

அன்று ராத்திரி நானே எனக்குள் பெயரை மாற்றிக்கொண்டேன். வெண்டைக்காய் என்று வைத்தேன். குருக்கள் சொன்னது அதுதானே.

போட்டி நடந்த மண்டபத்தில் நாங்கள் ஜுரு அணியோடு மோதினோம். முதல் பலகையில்தான் எதிரணியின் பலசாலி உட்காருவார். அந்தக் கௌரவத்தைத் தலைவர் செயலாளருக்கு விட்டுக்கொடுத்துத் தான் இரண்டாம் பலகையில் பணிவாக உட்கார்ந்தார். மூன்றில் மோகனா அக்கா, நான்கில் நான். காசு சுண்டினார்கள். எங்களுக்கு இரண்டாம், நான்காம் பலகைகளில் வெள்ளைக் காய் வந்தது.

இதன் அருமையைக் கவனிக்க வேண்டும். ஈரல் பிரட்டல் வெள்ளைக் காயால் மட்டுமே ஆடக்கூடியது. அணியில் பலி கொடுக்க முழு அனுமதி பெற்றவர் பாக்கியநாதன் சார் ஒருவர்தான். அவருக்குக் கறுப்பு. வெள்ளைக் காய் கிடைத்தது விரதம் இருக்கும் தலைவருக்கும், வீட்டில் அம்மாவோடு சேர்ந்து விரதம் இருக்கும் எனக்கும். திட்டமிட்டுச் செய்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமையாது.

ஆட்டம் தொடங்கியது. தலைவர் தன் முதல் சிப்பாயைத் தள்ளிவிட்டு, விருப்புரிமை முகத்தில் பளபளக்கக் காத்திருந்தார். எதிரே இருந்தவர் அதற்கு நேராகச் சிப்பாயை வைக்காமல் பக்கத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். அவ்வளவுதான். ஆறு மாத ஆய்வு அந்த ஒரு கட்டத்தில் காலாவதியானது. தலைவர் அந்தச் சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் திருப்பப்பட்டதைக் கண்டுபிடித்துவிட்ட வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

என் பலகையில் வேறு கதை. எதிரே ஹன்னா என்று என் வயதுப் பெண். நான் சிப்பாயைத் தள்ளினேன், அவளும் நேராகத் தள்ளினாள். குதிரை வைத்தேன், குதிரை வைத்தாள். மந்திரியைக் கொண்டுவந்தேன், தன் இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவந்தாள். என் குதிரை பாய்ந்தது. அவள் சிப்பாயால் எதிர்த்தாள். நான் அடித்தேன், அவள் குதிரையால் அடித்தாள். கொக்கி டப்பாவுக்குப் பக்கத்தில் நான் எத்தனையோ தடவை பார்த்த அதே நிலை, மெருகு போட்ட மரக்காய்களில், கண்ணுக்கு எதிரே இருந்தது. அந்த நிமிஷம் அவளுக்கும் புரிந்துவிட்டது. அவள் கண் தன் ராஜாவின் காலடிச் சிப்பாய்க்கும் என் குதிரைக்கும் ஓடியது.

சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியில் ஹஸ்ருல் இருந்தார். மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கிறவர். அவர் எழுந்து என் பலகைக்கு அருகில் வந்து நின்றார்.

வட்டமும் வந்தது. தன் பலகையில் செய்ய ஒன்றும் இல்லாத தலைவர் முதலில் வந்தார். பின்னால் செயலாளர், அதற்குப் பின்னால் மோகனா அக்கா. ஆறு மாதக் கனவைக் கண்ணால் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குள் ஒரு பெருமிதம். குதிரையின் மேல் கை வைத்தேன். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது ஆட்ட விதி. இனி பின்வாங்க முடியாது. குதிரையைத் தூக்கினேன்.

"வேல் வேல்," என்றது தலைவரின் குரல்.

கை அந்தரத்தில் நின்றது. நடுவர் அலாவுதீன் திரும்பிப் பார்த்தார்.

"வேல் வேல். வெற்றிவேல்."

"அண்ணே, வேண்டுதலை மனசுக்குள்ள வச்சுக்குங்க," என்றார் அலாவுதீன். "இங்க புள்ளைங்க யோசிக்குது."

"விரதத்துல இருக்கேன் தம்பி. தானா வருது," என்றார் தலைவர். நடுவருக்கு அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? யாருக்கு எந்த நகர்த்தல் நல்லது என்று சொன்னால் அணித் தலைவரை வெளியேற்றலாம். சாமி பெயரைச் சொன்னால் எந்த விதியில் வெளியேற்றுவது?

நிமிர்ந்து பார்த்தேன். தலைவர் தன் கழுத்து மாலையை இரண்டு விரலால் மெல்ல உயர்த்திக் காட்டினார். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். மோகனா அக்கா என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்துவிட்டு, தலைவரைப் பார்த்து மூடிக்கொண்டார். வெண்டைக்காய், வெண்டைக்காய் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்த மாலைக்கு முன்னால் வெண்டைக்காய் நிற்கவில்லை.

குதிரையை அது பாய்ந்து வந்த வழியே பின்னால் நகர்த்தி, முன்பு நின்ற கட்டத்தில் வைத்தேன்.

ஹன்னா ஒரு பெருமூச்சு விட்டாள். அடுத்த மேசையில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் ஆடியதெல்லாம் யாரும் சொல்லித் தராத ஆட்டம். முதலில் ஒரு மந்திரி போனது. அப்புறம் யானை போனது. கடைசியில் என் ராஜாதான் நடுப்பலகையில் நின்றார்.

கை குலுக்கும்போது ஹன்னா கேட்டாள். "ஏன் லா குதிரையை வைக்கல? வச்சிருந்தா நான் முடிஞ்சேன். அந்த வழி எனக்குத் தெரியாது. அப்பவே தோத்துட்டேன்னுதான் உக்காந்திருந்தேன்."

நான் காய்களைப் பெட்டியில் அடுக்கினேன். ஹஸ்ருல் பக்கத்தில் வந்தார். அவரும் மலாயில் அதையேதான் கேட்டார், கொஞ்சம் மென்மையாக. நான் ஒரே ஒரு சொல் சொன்னேன். "புவாசா." விரதம்.

அவர் மரியாதையோடு தலையாட்டினார். பிறகு நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "நானும் நோன்பு மாசத்துல ஆடியிருக்கேனே. நோன்புக்கும் குதிரைக்கும் என்ன?"

அது பற்றி எங்கள் உபகுழு இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஹன்னாவின் பக்கம் போய் அவளுடைய ஐசி, அதாவது அடையாள அட்டை, நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

செயலாளர் தோற்றார். மோகனா அக்கா சமன் செய்தார். தலைவர் அந்த ஒரு சிப்பாயைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நேரம் முடிந்து தோற்றார். ஆனால் அவருடைய பெருந்தன்மை தோற்கவில்லை. காடி நிறுத்தியிருந்த இடத்தில் என் தோளைத் தட்டினார்.

"உன்னை நெனைச்சா பெருமையா இருக்கு தங்கச்சி. தோத்தாலும் சுத்தபத்தமா தோத்த."

தன் காடியில் என்னை வீட்டில் இறக்கிவிட வந்த மோகனா அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணன் பலகையில அந்த நிலை வந்திருந்தா அண்ணன் என்ன பண்ணியிருப்பாரு?"

அக்கா கியரை மாற்றினார். "விருப்புரிமை லா," என்றார்.

தைப்பூசம் சிறப்பாக நடந்தது. தலைவர் காவடி எடுத்தார். விரதம் முடிந்த அடுத்த ஞாயிறு வட்டத்தின் ஆண்டுக் கூட்டம். மேசை நடுவில் சீனி முகம்மது பாய் ஒரு தட்டு நிறைய நிஜ ஈரல் பிரட்டலை வைத்தார். தலைவர் முதல் துண்டை எடுத்துக்கொண்டு, "சார், அறிக்கையைப் படிங்க," என்றார்.

செயலாளர் எழுந்து நின்று படித்தார். எத்தனை கூட்டம், எத்தனை உபகுழு, எத்தனை தேநீர். எதிராளிகளின் ஒத்துழையாமைக்கு வன்மையான கண்டனம். தலைவரின் தீர்க்கதரிசனத்துக்கு நன்றி. மாநில அணிக்குத் தேர்வான ஜுருவைச் சேர்ந்த செல்வி ஹன்னாவுக்கு வாழ்த்து. கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் குரலை உயர்த்தினார்:

"'சோதனைகள் பல வந்தபோதிலும், புனித விரத காலம் முழுவதும் நமது வட்டத்தில் எந்தப் பலியும் நிகழவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'"

தலைவர் கை தட்டினார். ஈரல் எண்ணெயில் கை வழுக்கியதால் சத்தம் சரியாக வரவில்லை. "முன்மொழிஞ்சது நான். வழிமொழிய ஒரு ஆளு வேணும். தங்கச்சி, கையைத் தூக்கு. உனக்கும் ஒரு பதிவு இருக்கட்டும்."

வட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கையைத் தூக்கினேன். தொண்டையில் வரிசையாக நின்றவற்றில் ஒன்று மட்டும் வெளியே வந்தது.

"ஒரு சின்னத் திருத்தம் சார். 'எந்தப் பலியும் நிகழவில்லை'ன்னு இருக்கு. 'எந்தக் குதிரையும் பலியாகவில்லை'ன்னு போட்டுக்குங்க."